கடிகாரத்துடன் ஆலைக்குள் நின்ற முதலாளி

மான்செஸ்டரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நூற்பாலையில் வேலை செய்யும் குழந்தை ஒரே நாளில் 24 மைல் நடக்கிறது என்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆலை முதலாளி ஒருவரும் இருந்தார். அவருக்கு நம்ப முடியவில்லை. ஊர் திரும்பியதும் தன் சொந்த ஆலைக்குள் போனார். ஒரு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வேலையில் இருந்த ஒரு சிறுமியை நெடுநேரம் கவனித்தார். அவள் எத்தனை முறை போய் வருகிறாள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார். விடை 20 மைலுக்குக் குறையவில்லை. அதாவது 32 கிலோமீட்டர், அவருடைய கூரைக்குக் கீழே, அவர் கொடுத்த கூலிக்கு.

1836 மே மாதம் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இதை அவரே எழுந்து சொன்னார். வேறு யாரோ ஒரு கொடிய முதலாளியின் ஆலையைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். அப்படிப்பட்ட ஆலைகளுக்கு, மான்செஸ்டரைச் சூழ்ந்த பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயரில் பஞ்சமே இல்லை. அவர் தன் ஆலையைச் சொன்னார்.

அவர் பெயர் ஜான் ஃபீல்டன். பிரிட்டனின் மிகப் பெரிய பருத்தி நிறுவனங்களில் ஒன்றின் பங்குதாரர், ஓல்டாம் தொகுதியின் உறுப்பினர், 1847இல் பத்து மணி நேரச் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டியவர். தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தச் சட்டம் நிறைவேறியபோது ஷாஃப்ட்ஸ்பரி அவையிலேயே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர் விட்ட இடத்திலிருந்து மசோதாவைத் தோளில் தூக்கிப் போனவர் இந்த ஆலைக்காரர்தான்.

அந்தச் சிறுமி ஏன் அவ்வளவு நடக்க வேண்டியிருந்தது? அக்காலத்து நூற்பாலைகளில் மியூல் என்ற எந்திரம் இருந்தது. நூற்றுக்கணக்கான கதிர்கள் பொருத்திய நீண்ட வண்டி ஒன்று, தண்டவாளத்தில் சில அடி தூரம் வெளியே வந்து பஞ்சை இழுத்து முறுக்கும். பின்பு உள்ளே போகும்போது நூலைக் கதிரில் சுற்றும். வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. போகிற வருகிற வேகத்தில் எங்காவது இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழையை எட்டிப் பிடித்து, விரலால் உருட்டி ஒட்ட வேண்டும். வண்டி நிற்காது, பிள்ளைகள்தான் அதன் நீளத்துக்கு ஓடி ஓடி ஒட்ட வேண்டும். நீராவி வந்து எந்திரத்தின் வேகம் கூடக்கூட, ஓடும் தூரமும் கூடியது. ஆலை முதலாளிகளோ எந்திரம் வந்ததால் வேலை எளிதாகிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இப்போது வேலை பன்மடங்கு கடுமையாகிவிட்டது என்று ஃபீல்டன் எழுதினார். பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ எழுதியபோது இதற்குச் சாட்சியாக ஃபீல்டனின் வரிகளையும் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு இது ஏட்டுக் கல்வியல்ல. 1784இல் டாட்மார்டனில் பிறந்தவர். யார்க்‌ஷயரும் லங்காஷயரும் சந்திக்கும் எல்லையில், செங்குத்தான மலைச்சரிவுகளுக்கு நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர் அது. ஓடைகள் நிறைய, ஆலைச் சக்கரம் சுற்றத் தண்ணீருக்குக் குறைவில்லை. தந்தை ஜோஷுவா, குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் கம்பளி நெசவு என்று வாழ்ந்தவர், நெய்த துணியைச் சுமந்து ஹாலிஃபாக்ஸ் சந்தைக்குப் போய் விற்றுவந்தவர். 1780களில் அவர் கம்பளியை விட்டுப் பருத்திக்கு மாறினார். சாலையோரத்துச் சில குடிசைகளில் ஆரம்பித்த நூற்பு, மெல்ல ஆலையாக வளர்ந்தது.

அந்த ஆலையில் ஜான் வேலைக்குப் போனபோது அவருக்கு வயது பத்தைச் சற்றே தாண்டியிருந்தது. முதலாளி மகன் என்ற சலுகை இல்லை. அன்றைக்கு அங்கே வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்து மணிதான். அப்படியிருந்தும் பொழுது சாய்வதற்குள் உடம்பு களைத்துப்போனதையும், எப்போது விடுவார்கள், எப்போது விளையாடப் போகலாம் என்று எல்லாப் பிள்ளைகளும் ஏங்கியதையும் மறக்கவே முடியாது என்று ஐம்பது வயதைக் கடந்த பிறகு எழுதினார். கூட வேலை செய்த பிள்ளைகளில் சிலர் இளமையிலேயே போய்விட்டார்கள்; பிழைத்தவர்களிலும் பலர், வயதுக்கு மீறிய முதுமைத் தோற்றத்தோடு ஐம்பதைத் தொடுமுன் இறந்தார்கள். பத்து மணி நேரமே இவ்வளவு செய்யுமென்றால், பன்னிரண்டும் பதினான்கும் என்ன செய்யும்? அவர் வாழ்க்கை முழுவதும் கேட்ட கேள்வி இதுதான். கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

1811இல் தந்தை இறந்தார். சில ஆண்டுகளில் ஐந்து மகன்களும் சேர்ந்து ‘ஃபீல்டன் சகோதரர்கள்’ என்ற பெயரில் தொழிலை நடத்தினார்கள். பஞ்சு வாங்குவதும் துணி விற்பதும் பெரும்பாலும் ஜானின் பொறுப்பு. நூற்பு, கைத்தறி, பின்பு விசைத்தறி என்று நிறுவனம் வேகமாகப் பெருகியது. இடையில் அவர் குவேக்கர்களை விட்டு விலகி, மெதடிஸ்டுகளிடமிருந்து பிரிந்த யூனிடேரியன் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையின் சிற்றாலயம் கடனில் மூழ்கியபோது தானே விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஊரார் அவரை ‘நேர்மையான ஜான்’ என்றே அழைத்தார்கள்.

இங்கேதான் இவரை மற்ற நல்ல முதலாளிகளிடமிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். ராபர்ட் ஓவன் நியூ லானர்க்கில் ஒரு முன்மாதிரி ஆலைக் குடியிருப்பை நடத்தினார். பின்னால் டைட்டஸ் சால்ட், சால்டேர் என்ற ஊரையே தன் தொழிலாளர்களுக்காகக் கட்டினார். இரண்டும் மெச்சத்தக்க செயல்கள். ஆனால் அவை ஒரு மனிதரின் மனத்தைப் பொறுத்தவை. தன் நல்ல மனத்தால் எவ்வளவு செய்ய முடிகிறது என்று ஃபீல்டன் தன் கணக்குப் புத்தகத்தையே புரட்டிப் பார்த்தார். கிடைத்த விடை அவருக்கே உறைத்தது. இளம் வயதில் அவர் பார்த்த பத்து மணி நேர ஆலை, அவர் கைக்கு வந்த பிறகு வாரம் 71 மணி நேரம் ஓடியது. ஏன்? பக்கத்து ஆலைக்காரன் அதைவிட நீண்ட நேரம் ஓட்டி, மலிவாக விற்கிறான். இவர் குறைத்தால் சந்தை போய்விடும். சந்தை போனால் ஆலையை மூட வேண்டும். மூடினால் தொழிலாளிக்குப் பத்து மணி நேரமும் இல்லை, கூலியும் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் ஹாப்ஹவுஸ் கொண்டுவந்த சட்டத்துக்குப் பின் 71, 69 ஆனது. 1833 சட்டத்துக்குப் பின் பெரியவர்களுக்கு 67½ மணி, 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 48 மணி. பிள்ளைகளின் சுமையில் ஒரு பகுதி பெரியவர்களின் தலையில் ஏறியது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறைத்தது சட்டம். தன் இரக்கம் அதைக் குறைக்கவில்லை என்று ஒரு முதலாளி எண்களோடு ஒப்புக்கொள்வதை நான் வேறெங்கும் அதிகம் படித்ததில்லை. எல்லோரையும் ஒன்றாகக் கட்டிப்போடும் சட்டம் வந்தால்தான் நல்லவனால் நல்லவனாக இருக்க முடியும் என்பது அவருடைய முடிவு.

1832 சீர்திருத்தச் சட்டம் ஓல்டாம் நகருக்கு இரண்டு உறுப்பினர்களைத் தந்தது. ஃபீல்டனை நிற்கச் சொன்னபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார்: வில்லியம் காபெட்டும் கூட நிற்க வேண்டும். காபெட் அக்காலத்தின் மிகக் கூர்மையான எழுத்தாளர், ஏழைகளின் பக்கம் நின்று சிறைக்கும் போய் வந்தவர். இருவரும் வென்றார்கள். லங்காஷயரின் சிறுமிகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைவாக உழைத்தால் இங்கிலாந்தின் வல்லமையே சரிந்துவிடும் போலிருக்கிறதே என்று காபெட் அவையில் முழங்கினார். ஃபீல்டனுக்கு அந்த நாவன்மை கிடையாது. குரல் மெலிந்தது, பேசினால் அடுத்த வரிசைக்குக் கேட்பதே கடினம். எண்களைத் திரட்டி எழுத்தில் வைப்பதுதான் அவர் பலம்.

1833 சட்டம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. குழந்தைகளுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது, நான்கு ஆய்வாளர்களை நியமித்தது; இவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் குழந்தைகளை இரண்டு அணியாகப் பிரித்து மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பெரியவர்களைப் பழையபடியே வேலை வாங்க அதில் வழியிருந்தது. அதே ஆண்டு ஓவனுடன் சேர்ந்து ‘தேசியப் புத்துயிர்ப்புச் சங்கம்’ தொடங்கி, எட்டு மணி நேர வேலை, பன்னிரண்டு மணி நேரக் கூலி என்று கேட்டார். கனவு பெரிது, சங்கம் நிலைக்கவில்லை.

கைத்தறி நெசவாளர்களுக்காக அவர் பட்ட பாடு இன்னும் மனத்தை வருத்துவது. ஒரு காலத்தில் வாரம் ஒரு பவுண்டுக்கு மேல் சம்பாதித்த நெசவாளி, 1830களில் ஐந்தாறு ஷில்லிங்குக்கு (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு) இறங்கிவிட்டிருந்தார். கூலிக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும் என்று ஃபீல்டன் வாதாடினார். அவர் பங்கேற்ற நாடாளுமன்றக் குழு 1834லும் 1835லும் விசாரித்தது. அந்தக் கோரிக்கையை அவை ஏற்க மறுத்தது. கூலியை நிர்ணயிப்பது சந்தையின் வேலை, அரசின் வேலையல்ல என்றார்கள். விசைத்தறிக் கூடங்கள் வைத்திருந்த ஒருவர், விசைத்தறியால் நசிந்தவர்களுக்காகத் திரும்பத் திரும்ப எழுந்து நின்றதை அந்த அவை புரிந்துகொள்ளவில்லை.

1836இல் சோதனை வந்தது. எட்டு மணி நேர வரம்புக்குரிய வயதை 13இலிருந்து 12ஆகக் குறைக்க வர்த்தக அமைச்சர் பௌலட் தாம்சன் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்துப் பேசியபோதுதான் ஃபீல்டன் அந்தக் கடிகாரக் கணக்கைச் சொன்னார். ‘தொழிற்சாலை முறையின் சாபம்’ என்ற அவருடைய சிறு நூலும் அந்த ஆண்டில் வெளிவந்ததே. மசோதா 178க்கு 176 என்று வெறும் இரண்டு வாக்கில் தப்பியது. இவ்வளவு குறுகிய வெற்றியோடு அதை முன்னே கொண்டுபோக அரசுக்குத் துணிவில்லை, திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த நூலில் இரக்கத்தோடு பொருளாதாரமும் இருக்கிறது. ஆண்டுக்காண்டு பிரிட்டன் அதிகத் துணியை ஏற்றுமதி செய்கிறது, ஆனால் கிடைக்கும் பணம் அதற்கேற்ப உயரவில்லை என்று அட்டவணை போட்டுக் காட்டினார். நீண்ட நேரம் ஓட்டிச் சந்தையைத் துணியால் நிரப்புகிறோம், விலை விழுகிறது, விழுந்த விலையை ஈடுகட்டக் கூலியை வெட்டுகிறோம், இன்னும் நீண்ட நேரம் ஓட்டுகிறோம். இந்தச் சுழலிலிருந்து வெளியேற நேரத்தைக் குறைப்பதே வழி என்றார். எதிர்த்தரப்பில் ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நாசாவ் சீனியர் இருந்தார். ஆலையின் நிகர லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிறக்கிறது, அதை வெட்டினால் லாபமே போய்விடும் என்று 1837இல் அவர் எழுதினார். அச்சில் வந்த வாதங்களில் இவ்வளவு பெரிய தீங்கு செய்தவை குறைவு. பத்து மணி நேரம் நடைமுறைக்கு வந்த பிறகும் லங்காஷயர் ஆலைகள் லாபம் பார்த்துக்கொண்டே இருந்தன.

அவரை வெறும் புனிதராக வரைந்துவிடவும் கூடாது. 1834இல் வந்த புதிய ஏழைகள் சட்டம், உதவி கேட்டு வருபவர்களை விடுதிகளில் அடைத்து, கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தது. ஃபீல்டன் அதை முழு மூச்சோடு எதிர்த்தார். தன் ஊரில் அதை நடைமுறைப்படுத்த வந்த வாரியத்தினர் பதவி விலக வேண்டும் என்று சொல்லி, 1838 ஜூலையில் ஃபீல்டன் சகோதரர்கள் தங்கள் ஆலைகளையே மூடினார்கள். வாரியம் அசையவில்லை, சில நாட்களில் ஆலைகளைத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் கூலியில்லாமல் இருந்தது யார்? ஆலைத் தொழிலாளிகள்தான். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிறர் வயிற்றைப் பணயம் வைக்கும் உரிமை அவருக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நவம்பரில் நிலைமை கைமீறியது. வரி வசூலிக்க மறுத்த ஓர் அதிகாரியின் பொருட்களைப் பறிமுதல் செய்ய ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த காவலர்களை ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். வாரிய உறுப்பினர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. ஃபீல்டன் ஆலைத் தொழிலாளிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். படை வந்து ஊரில் தங்கியது. எப்படியோ, இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் ஏழைகள் விடுதிகள் எழுந்துகொண்டிருந்த பல ஆண்டுகளில் டாட்மார்டனில் எழவில்லை. 1870களின் பிற்பகுதி வரை அந்த ஊர் தாக்குப்பிடித்தது.

1839இல் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்டுச் சாசன இயக்கத்தினர் கொடுத்த மாபெரும் மனுவுக்காகத் தாமஸ் அட்வுட் தீர்மானம் கொண்டுவந்தபோது, அதை வழிமொழிந்தவரும் ஃபீல்டன்தான்.

பத்து மணி நேரப் போராட்டத்தின் உத்தியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தேவை. சட்டம் கேட்டது பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் மட்டுமே. வளர்ந்த ஆண் தன் உழைப்பை எப்படி வேண்டுமானாலும் விற்கலாம், அதில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆளும் வர்க்கத்தின் வேதவாக்கு. அதை நேரே உடைக்க முடியாது. ஆனால் நூற்பாலையின் கைகளில் பெரும்பகுதி பெண்களும் இளையவர்களும்தான். அவர்கள் வெளியேறினால் இழை ஒட்ட ஆளில்லை, எந்திரம் நிற்கும், ஆண்களும் வீட்டுக்குப் போகலாம். இது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஜான் பிரைட். டாட்மார்டனிலிருந்து சில மைல் தள்ளியிருந்த ரோச்டேல் ஊர்ப் பருத்தி ஆலைக்காரர், அவரும் குவேக்கர் குடும்பத்தவர், நிலப்பிரபுக்களுக்குச் சாதகமாக வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களை ஒழிக்கப் போராடியவர், ஏழைக்கு மலிவான ரொட்டி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். அதே பிரைட், வேலை நேரத்தில் அரசு கைவைப்பதை உறுதியாக எதிர்த்தார். ஒரே தொழில், ஒரே சமய மரபு, ஒரே மலைப்பகுதி. ஆனாலும் அரசின் கடமை என்ன என்பதில் இருவரும் இரு துருவங்கள்.

அவையில் மசோதாவைத் தலைமையேற்று நடத்திவந்தவர் ஆஷ்லி பிரபு, பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி. 1846 ஜனவரியில் மசோதாவைக் கொண்டுவந்த கையோடு, தானியச் சட்டம் குறித்துத் தன் கருத்து மாறிவிட்டதால் வாக்காளர்களுக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவர் பதவி விலகினார். பொறுப்பு ஃபீல்டன் கைக்கு வந்தது. வயது 62. அந்த ஆண்டு மே மாதம் மசோதா 203க்கு 193 என்று பத்து வாக்குகளில் தோற்றது. 1847 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தார். இம்முறை காற்று திசை மாறியிருந்தது. தொழில் மந்தமாகி, பல ஆலைகள் தாமாகவே குறைந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தன. குறைத்தால் நாசம் என்ற வாதம் எடுபடவில்லை. தானியச் சட்டத்தை இழந்த நிலப்பிரபுக்கள் பலருக்கு ஆலை முதலாளிகள் மேல் ஆத்திரமும் இருந்தது. மே 3ஆம் தேதி, இறுதிக் கட்டமான மூன்றாம் வாசிப்பில் 151க்கு 88 என்று மசோதா வென்றது. ஜூன் 8ஆம் தேதி அரச ஒப்புதல் கிடைத்தது. ஜூலையிலிருந்து நாளுக்கு 11 மணி, 1848 மே 1இலிருந்து 10 மணி, வாரத்துக்கு 58.

சில வாரங்களில் பொதுத்தேர்தல். ஃபீல்டன் தோற்றார். பழைய நண்பர் காபெட் 1835இலேயே இறந்துவிட்டிருந்தார். அவர் மகன் ஜான் மார்கன் காபெட்டையும் கூட நிறுத்த வேண்டும் என்று ஃபீல்டன் பிடிவாதம் பிடித்தார். ஓல்டாமின் சொந்தக் கட்சிக்காரர்களே அதைத் திணிப்பாகக் கருதினார்கள். இருவரையும் வாக்காளர்கள் கைவிட்டார்கள். நட்புக்காக அவர் கொடுத்த விலை அது.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. பெண்களையும் இளையவர்களையும் பல அணிகளாகப் பிரித்து, சில மணி நேரம் வேலை, சில மணி நேரம் காத்திருப்பு, மறுபடி வேலை என்று நாள் முழுவதும் ஆலையைச் சுற்றியே அலையவிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பத்து மணிக்கு மேல் உழைக்கவில்லை. எந்திரமோ பதினைந்து மணி நேரம் ஓடியது. எந்த அணி எப்போது வந்தது என்று ஆய்வாளர்களால் பிடிக்க முடியவில்லை. இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, 1849 மே 29ஆம் தேதி, கெண்ட் பகுதியில் தான் வாங்கியிருந்த பண்ணை வீட்டில் ஃபீல்டன் காலமானார். உடல் டாட்மார்டனுக்கு வந்தது. அவர் கடனிலிருந்து மீட்ட அந்தச் சிற்றாலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம், அணி முறை சட்டவிரோதம் அல்ல என்று தீர்ப்பளித்தது. ஓட்டையை அடைக்க 1850இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. காலை 6 முதல் மாலை 6 வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை பகல் 2 மணிக்கு வேலை முடியும். அணி முறை ஒழிந்தது, ஆனால் பத்து மணி பத்தரை ஆனது. சனிக்கிழமை மதியம் விடுபட்ட லங்காஷயர் தொழிலாளிகள்தான் பின்னாளில் கால்பந்து மைதானங்களை நிரப்பினார்கள். ஆட்டம் 3 மணிக்குத் தொடங்கும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு கிளை உண்டு. பம்பாயில் பஞ்சாலைகள் எழுந்து போட்டியாக வந்ததும், இந்தியாவுக்கும் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என்று லங்காஷயர் முதலாளிகள் வற்புறுத்தினார்கள். 1881 சட்டம் ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 7 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்பது மணி நேர வரம்பு வைத்தது. பெரியவர்களுக்கு எந்த வரம்பும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளில் பெரியவர்களுக்குப் பத்து மணி நேரம் என்ற வரம்பு இந்தியாவில் 1934 சட்டத்தில்தான் வந்தது.

பிரிட்டனில் 1850இல் பறிபோன அரை மணி நேரத்தை 1874 சட்டம் திருப்பிக் கொடுத்தது: வார நாட்களில் பத்து மணி நேரம், வாரத்துக்கு 56½. அது 1875 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், யார்க்‌ஷயர் எல்லைக்கும் லங்காஷயர் எல்லைக்கும் நடுவே, ஓடையின் மேல் ஃபீல்டனின் மகன்கள் கட்டிய டாட்மார்டன் நகர மண்டபம் திறக்கப்பட்டது. சிற்பி ஜான் ஹென்றி ஃபோலி பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருந்த ஃபீல்டனின் வெண்கலச் சிலையை அந்த மண்டபத்தின் அருகே நிறுத்தினார்கள். இன்று அது ஊரின் சென்டர் வேல் பூங்காவில் நிற்கிறது.